பிறின்சஸின் இடப்பக்கம்

அற்புதமலருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்ரியறிங்கைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் 2013ஆம் ஆண்டளவில், பலெர்மோ நகரத்தின் மேற்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டும் பெண் என்று அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அவள் ஓடும் காரில் போஞ்சிக்காய் முறித்ததைக் கண்டவர்கள் உண்டு. இரண்டு கையாலும் செபமாலை பிடித்திருந்ததைக் கண்டவர்கள் உண்டு. ஒருமுறை வாயைத் திறந்தபடி அவள் நித்திரை கொண்டதைக் கண்ட ஒரு பஸ் சாரதி, பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

விசயம் இவ்வளவுதான். கார் இங்கிலாந்தில் செய்தது. அதற்கு ஸ்ரியறிங் வலப்பக்கம். இத்தாலியில் ஓடுகிற மற்றக் கார்களுக்கெல்லாம் இடப்பக்கம். உண்மையில் ஓட்டுகிறவர் அவளுடைய கணவர் இராஜநாயகம். அவர் ஆள் கட்டை. ஸ்ரியறிங்குக்குப் பின்னால் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரியும். ஊர் உலகம் ஓட்டுநரைத் தேடிப் பார்க்கிற இடப்பக்கத்தில், அகலமான முகமும் அதைவிட அகலமான தோளுமாக அற்புதமலர் உட்கார்ந்திருப்பாள்.

அவள் மன்னார் பேசாலைக்காரி. யாழ்ப்பாணத்து இராஜநாயகத்தைக் கட்டி, சண்டைக் காலத்தில் அவர் முன்னாலும் அவள் பின்னாலுமாகப் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தவள். சீசா என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. ஒரே மகள் கலியாணம் முடித்து ஜெர்மனியில். அற்புதமலர் மூன்று வீடுகளில் துப்புரவு வேலை செய்தாள். இராஜநாயகம் மாடிக் கட்டடங்களின் படிக்கட்டுக் கழுவினார். அவளுக்கு எதைப் பற்றியும் ஒரு கருத்து இருக்கும், அதைக் கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்ற பழக்கம் அவளிடம் இருக்கவில்லை. அவருக்கு ஒரேயொரு கருத்து. உலகத்திலேயே கார் செய்யத் தெரிந்தவன் வெள்ளைக்காரன், அதுவும் பழைய வெள்ளைக்காரன். யாழ்ப்பாணத்தில் அவர் ஹயர் ஓடியது ஒரு ஏ-ஃபோட்டி. பெற்றோல் இல்லாத காலத்தில், ஒரு சொட்டுப் பெற்றோலை மணக்கக் காட்டி எழுப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஊரெல்லாம் ஓடிய கார். அந்தக் கதையை அவர் தொடங்கினால் அற்புதமலர் எழுந்து போய் உலை வைப்பாள். சோறு வெந்து இறங்கும்போது கதையில் கார் பக்கத்திலிருக்கிற பளை ஊரைத் தாண்டியிருக்காது.

அவள் வேலை செய்த மூன்று வீடுகளில் பழையது சிஞ்ஞோரா எமிலியானாவின் வீடு. வியா டாண்ரே தெருவுக்குப் பக்கத்தில், உள்முற்றம் வைத்த பெரிய வீடு. சிஞ்ஞோராவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. மெலிந்த உடம்பு, நிமிர்ந்த முதுகு, வெளியில் போகாத நாளிலும் உதட்டுச் சாயம். கணவர் பெயர்பெற்ற வழக்கறிஞர், காலமாகிச் சில வருடங்கள். மகள் கொஸ்தான்சா மிலானோவில் டொக்டர்.

முற்றத்தோடு சேர்ந்த கராச்சில், பழைய கட்டில் விரிப்புகளால் மூடியபடி ஏதோ ஒன்று எப்போதும் நின்றது. அற்புதமலர் அதன்மேல் தரை துடைக்கும் துணிகளைக் காயப்போடுவாள். ஒருநாள் கராச்சுக் கதவு இறங்கி உரஞ்சுகிறது என்று இராஜநாயகத்தைக் கூட்டிப் போனாள். அவர் கதவைப் பார்க்கமுன் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கதவைப் பார்க்கவே இல்லை.

“மலர்... இது என்னெண்டு தெரியுமே உமக்கு?”

“தெரியும். துணி காயப்போடுற மேசை.”

உள்ளே நின்றது 1968ஆம் ஆண்டு வாண்டன் பிளா பிறின்சஸ். ஆள் சின்னன்தான், சாதாரணக் குடும்பக் காரின் அளவு. ஆனால் முன்னால் பெரிய இடத்துக் கார்களைப்போல நிமிர்ந்த வெள்ளிச் சட்டம். உள்ளே வால்நட் பலகை, தோல் கதிரைகள், காலுக்குக் கம்பளி. முன் கதிரைகளின் முதுகில், பின்னால் இருப்பவர் விரித்துச் சாப்பிட இரண்டு குட்டி மடிப்பு மேசைகள். மேசையை ஒருதரம் விரித்து, ஒருதரம் மடித்து, மறுபடியும் விரித்த இராஜநாயகத்தின் கண் கலங்கியதை அற்புதமலர் கண்டாள். கலியாணத்தன்றுகூட அவர் இப்படி நின்றதில்லை.

சத்தம் கேட்டுச் சிஞ்ஞோரா இறங்கி வந்தார்.

“என் கணவர் என்னைக் கலியாணம் செய்ய இரண்டு வருடம் யோசித்தார்,” என்றார். “லண்டனில் இதை வாங்க ஒரு பின்னேரம்தான் எடுத்தார். இத்தாலிக்காக இடப்பக்கம் ஸ்ரியறிங் வைத்ததும் செய்கிறார்கள் என்றார்கள். வேண்டாம், அசல் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.”

“நல்ல காரா, சிஞ்ஞோரா?” என்று இராஜநாயகம் கேட்டார்.

“மனிதர் போலத்தான். வெளியில் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் தொல்லை.”

ஆனாலும் அன்று பின்னேரமே ஒரு ஏற்பாடு ஆகிவிட்டது. கார் சிஞ்ஞோராவின் பெயரிலேயே இருக்கும். சாவி இராஜநாயகத்திடம். அவர் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சிஞ்ஞோராவை மொந்தெல்லோக் கடற்கரைக்கு ஐஸ்கிறீம் சாப்பிடக் கூட்டிப் போகவேண்டும். மற்ற நாளில் அவர்கள் பாடு. இந்த ஏற்பாட்டில் யாரும் அற்புதமலரைக் கேட்கவில்லை. கேட்காமலே அவள் சொன்னாள்:

“ஷோகேசுக்குச் சில்லுப் பூட்டின மாதிரிக் கிடக்கு. நான் மூண்டு வீட்டிலை தளபாடம் துடைக்கிறது காணாதெண்டு, இனிக் காருக்குள்ளையும் தளபாடம்.”

சில மாத வேலைக்குப் பிறகு பிறின்சஸ் புகை கக்கிக்கொண்டு வெளியே வந்தது. சீசாவில் அதை நிறுத்திய முதல் நாளே ஆளாளுக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். மீன் கடையில் வேலை செய்யும் றோபேட் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ரோல்ஸ் ரோய்ஸ் குட்டி போட்டா இப்பிடித்தான் இருக்கும் அண்ணை,” என்றான். அன்று முழுக்க இராஜநாயகத்துக்குப் பசிக்கவில்லை. கீழ் வீட்டு பார் முதலாளி வாசலில் நின்று, இவ்வளவு அலங்காரம் செய்த காரில் குப்பையை எங்கே கொட்டுவது என்று கேட்டார். சைக்கிளில் போன ஒரு கிழவர் இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் அந்த வெள்ளிச் சட்டத்தைத் தொட்டுவிட்டுப் போனார். லண்டனிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த பெறாமகன் கிரிசாந்தான் கொடுமையாகச் சொன்னது.

“சித்தப்பா, அங்கை இதைக் கிழவியள்தான் வைச்சிருந்தவை. சாதாரண காருக்கு முன்பல்லுக் கட்டி, உள்ளுக்குப் பலகை அடிச்சு விட்டது. வேறை ஒண்டுமில்லை.”

கிரிசாந் திரும்பிப் போகும்வரை இராஜநாயகம் அவனோடு கதைக்கவில்லை. அவனை எயாப்போட்டுக்குப் பஸ்ஸில் அனுப்பினார்.

அற்புதமலருக்கு இருந்த குறை வேறு. பிறின்சஸுக்குச் சில்லுகளின் மேல் ஸ்பிறிங் இல்லை. ஏதோ தண்ணீர் அடைத்த குழாய்கள். குழியில் இறங்கினால் கார் குலுங்காது. முன்பக்கம் மெல்ல எழும்பும், பின்பக்கம் மெல்லத் தாழும். “நான் பேசாலைக்காரி, எனக்கு வள்ளம் புதிசில்லை,” என்பாள். “ஆனால் வள்ளத்துக்குக் கடல் வேணும்.”

அதோடு அவளுக்கு ஒரு உத்தியோகமும் வந்து சேர்ந்தது. வலப்பக்கம் இருந்து ஓட்டுகிறவருக்கு, முன்னால் ஒரு பஸ் போனால் அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. எதிரே வாகனம் வருகிறதா என்று இடப்பக்கம் இருக்கிற அற்புதமலர் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். வழி இருந்தால் “போங்கோ.” இல்லாவிட்டால் “நில்லுங்கோ.”

முதல் ஞாயிறே ஒரு சிக்கல் வெளிச்சமானது. “நில்லுங்கோ” நீளமான சொல். அவள் அதைச் சொல்லி முடிக்கும்போது எதிரே வருகிற லொறியின் ஓட்டுநருக்கு மீசை இருக்கிறதா என்பதுகூடத் தெரிந்துவிடும். இரண்டாம் ஞாயிறு, பேருந்து ஒன்று முகத்துக்கு நேரே வந்தபோது, அவள் வாயிலிருந்து தன்னை அறியாமல் வந்தது:

“நில்!”

கார் நின்றது. பேருந்து போனது. இத்தனை வருடத்தில் அவள் அவரை அப்படிச் சொன்னதில்லை.

“காருக்குள்ளை மட்டும்தான்,” என்றார் இராஜநாயகம்.

“காருக்குள்ளை மட்டும்தான்,” என்று அவளும் ஒத்துக்கொண்டாள். ஆனால் அந்தச் சொல்லின் ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் குசினியில், அவர் செருப்போடு ஈரத் தரையில் கால் வைக்கப் போனபோது, “நில்!” என்று வந்துவிட்டது. அவரும் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். காருக்குள் “போங்கோ”வும் அதோடு “போ”வாகிவிட்டது.

இந்த “போ”வும் “நில்”லும் ஒருநாள் காலை வாரின. ஞாயிறு, மொந்தெல்லோப் பாதை. முன்னால் ஒரு பஸ். பின் கதிரையில் சிஞ்ஞோரா, மேசையை விரித்து அதில் கைப்பையை வைத்தபடி. அப்போது பேசாலையிலிருந்து தங்கச்சி றோசமலர் தொலைபேசி எடுத்தாள். முழங்கால் வீங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா வேண்டாமா என்று கேட்டாள்.

“ஓம், போ,” என்றாள் அற்புதமலர். “யோசிக்காதை. போ, போ!”

இராஜநாயகம் போனார்.

எதிரே, மூன்று சில்லு ஆப்பே வண்டி ஒன்று, கூரை உயரத்துக்குக் கார்ச்சோபிகளை, தாமரை மொட்டுப்போன்ற காய்கறியை, ஏற்றிக்கொண்டு வந்தது. பிறின்சஸ் ஒரு பக்கமும் ஆப்பே மறுபக்கமும் நடைபாதையில் ஏறி நின்றன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கார்ச்சோபிகள் மட்டும் ரோட்டு நிறைய உருண்டன. ஆப்பேக்காரன் இறங்கி ஓடிவந்து, நேரே இடப்பக்க ஜன்னலுக்குத்தான் போனான்.

“போனில் கதைத்துக்கொண்டா ஓட்டுகிறாய்? உனக்குப் பிள்ளை குட்டி இல்லையா?”

அற்புதமலர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் விடவில்லை. அவளுடைய கண்ணையும், கையையும், அவளுக்குப் பத்தெந்தே என்கிற ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் கொடுத்தவனையும் சிசிலிய மொழியில் வரிசையாக ஏசினான். இராஜநாயகம் ஸ்ரியறிங்குக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் கட்டையானார். பின் கதிரையிலிருந்து சிஞ்ஞோரா மெல்லச் சொன்னார்:

“நேரத்தோடு ‘நோ’ என்று சொல்லியிருக்க வேண்டும், மலர். பஸ்ஸின் பின்சில்லு உன் தோளுக்கு நேரே வருமுன்.”

கிழவிக்கு இது எப்படித் தெரியும் என்று அற்புதமலர் அப்போது யோசிக்கவில்லை. நிலத்தில் கிடந்த கார்ச்சோபி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் வந்தது விஜிலேயின் ஞாயிறு. அன்று சிஞ்ஞோராவுக்கு முதலில் பூசை, பிறகு கடற்கரை. கபோச் சந்தையின் வாசலான போர்த்தா கரீனிக்கு முன்னால், நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. அற்புதமலர் மத்தியானக் கறிக்குப் போஞ்சி முறித்துக்கொண்டிருந்தாள். சந்தியில் நின்ற விஜிலே, போக்குவரத்துப் பொலிஸ்காரன், இளந்தாரி, விசிலை வாயில் வைத்தபடியே அவளைப் பார்த்தான். விசில் தானாக ஊதியது.

“சிஞ்ஞோரா, உங்கள் பத்தெந்தே.”

“என்னட்டை இல்லை,” என்றாள் தன் இத்தாலியனில்.

“வீட்டில் விட்டுவிட்டீர்களா?”

“இல்லை. நான் எடுத்ததே இல்லை.”

விஜிலே தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டான். “எவ்வளவு காலமாக இப்படிப் போகிறீர்கள்?”

“ஒவ்வொரு ஞாயிறும்.”

இராஜநாயகம் குனிந்து ஏதோ சொல்ல முயன்றார். “நீங்கள் பேசவேண்டாம். உங்கள் முறை பிறகு,” என்று விஜிலே கையைக் காட்டினான். பிறகு அற்புதமலரிடம், “என்ஜினை நிறுத்துங்கள்,” என்றான்.

“இஞ்சருங்கோ, நிப்பாட்டட்டாம்,” என்றாள் அவள்.

என்ஜின் நின்றது. அற்புதமலரின் இரண்டு கையும் போஞ்சிச் சட்டியில்தான் இருந்தன. விஜிலே அந்தக் கைகளைப் பார்த்தான். தலையை ஜன்னலுக்குள் விட்டான். ஸ்ரியறிங் இருக்கவேண்டிய இடத்தில் வால்நட் பலகையும், அதற்குக் கீழே போஞ்சி நாரும் இருந்தன. தலையை வெளியே எடுக்கும்போது தொப்பி காருக்குள் விழுந்தது. எதிர் பாரில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அத்தனை பேருக்கு முன்னால் வெறுங்கையோடு திரும்ப எந்த விஜிலேயும் விரும்பமாட்டான். அவன் மறுபக்கம் சுற்றி வந்து இராஜநாயகத்தின் பத்தெந்தேயை வாங்கினான். வாங்கிப் பார்த்தவனுடைய முகம் மெல்ல மலர்ந்தது. புதுப்பிக்கும் திகதி போன மாதமே முடிந்திருந்தது. காருக்கு எண்ணெய் மாற்றும் நாளெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த இராஜநாயகம், தன்னை மறந்துபோயிருந்தார்.

“இந்தக் காரை நீங்கள் இனி ஓர் அடியும் நகர்த்த முடியாது. பத்தெந்தே உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்.”

பின்கதவு திறந்தது. சிஞ்ஞோரா எமிலியானா ஒரு காலை இறக்கி, மறு காலை இறக்கி, பாவாடையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார்.

விஜிலே அதை வெயிலில் பிடித்துப் பார்த்தான். செல்லுபடியானது. அந்த வயதுக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டொக்டரிடம் போய்ப் புதுப்பிக்க வேண்டும். சிஞ்ஞோரா ஒருமுறையும் தவறவில்லை.

“சிஞ்ஞோரா, கடைசியாக எப்போது ஓட்டினீர்கள்?”

“அதையும் எழுத அட்டையில் இடம் விட்டிருக்கிறார்களா?” என்றார் சிஞ்ஞோரா.

இப்படியாக இடம் மாறினார்கள். சிஞ்ஞோரா வலப்பக்கம், முதுகுக்குக் குஷன் வைத்து. அற்புதமலர் வழக்கமான இடத்தில். இராஜநாயகம் முதன்முறையாகப் பின் கதிரையில், மடிப்பு மேசையை விரித்து அதை இரண்டு கையாலும் பிடித்தபடி. “கிளச், சிஞ்ஞோரா, கிளச்,” என்று தொடங்கினார். சிஞ்ஞோரா கண்ணாடியில் அவரை ஒருதரம் பார்த்தார். அவர் நிறுத்திக்கொண்டார்.

கார் கிளம்பியது. இடப்பக்கம் திரும்பிப் பெருந்தெருவுக்குப் போகவேண்டும். ஆனால் அந்த ஸ்ரியறிங் இறுக்கம், சிஞ்ஞோராவின் கை மெலிவு. அவர் திருப்பத் திருப்ப, கார் நேரே போனது. நேரே போர்த்தா கரீனியின் வளைவு. வளைவுக்கு உள்ளே கபோச் சந்தை, ஞாயிறு காலை, இரண்டு பக்கமும் கடை, நடுவில் இரண்டு பேர் உரசாமல் நடக்க இடமில்லை.

“நில்!” என்றாள் அற்புதமலர்.

“பிறேக் எது?” என்றார் சிஞ்ஞோரா.

அதற்குள் பிறின்சஸ் வளைவுக்குள் இருந்தது. விஜிலே சந்தியில் நின்று இதைப் பார்த்தான். பிறகு மறுபக்கம் திரும்பி, அங்கே போக்குவரத்து எதுவும் இல்லாதபோதும், மும்முரமாகக் கை காட்டத் தொடங்கினான்.

சந்தைக்காரர்கள் முதலில் ஏசினார்கள். பிறகு ஓட்டுவது யார் என்று கண்டார்கள். உதட்டுச் சாயமும் முத்துத் தோடுமாக, மூக்கு ஸ்ரியறிங்கைத் தொட, ஒரு கிழவி. அப்புறம் அது அவர்களுடைய வேலையாகிவிட்டது. தக்காளிப் பெட்டிகள் உயர்ந்தன. கூடாரச் சீலைகளைத் தடியால் தூக்கிப் பிடித்தார்கள். ஒலிவ் விற்பவன் பின்பக்கமாக நடந்துகொண்டே இரண்டு கையாலும் “வா, வா, வா, இன்னும் வா,” என்று அழைத்தான். அற்புதமலர் இறங்கி முன்னால் நடந்தாள். இருபது வருடமாக அங்கே பேரம் பேசியவள், எந்தக் கடை எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். “உதை எடு! அந்தத் தலையை எடு!” என்று தமிழிலேயே கத்தினாள். மீன்காரன் வாள்மீனின் தலையைக் குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்து ஒதுங்கினான். பின் கதிரையில் இராஜநாயகம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தான் சைவம் என்பதையும் மறந்து, மடுமாதாவைக் கூப்பிட்டார். யாரோ ஜன்னல் வழியாக அவருடைய மேசையில் பொரித்த கடலைமா அடை வைத்த பாணைப் பொதி செய்து வைத்துவிட்டுப் போனார்கள்.

வெளியே வரும்போது பிறின்சஸின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. கூரையில் மட்டும் ஒரு கட்டு வோக்கோசுக் கீரை கிடந்தது.

வீட்டு முற்றத்தில் காரை நிறுத்திவிட்டுச் சிஞ்ஞோரா இறங்கவில்லை. இராஜநாயகம் கராச்சைத் திறக்கப் போயிருந்தார்.

“மலர், நீ இருக்கிற இடத்தில் நான் நாற்பது வருடம் இருந்தேன்,” என்றார். “அவர் ஓட்டுவார். நான் எட்டிப் பார்ப்பேன். போ. நில். போ. நில். ஒருநாள் சாவியைக் கேட்டேன். பெண்களின் கைக்கு இந்தக் கியர் ஒத்துவராது என்றார். அதற்காகத்தான் பத்தெந்தேயைச் சாகவிடாமல் வைத்திருந்தேன். அவர் போனபிறகு கேட்கவும் ஆளில்லை, கொடுக்கவும் ஆளில்லை.” சாவியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: “கொஸ்தான்சாவிடம் சொல்லாதே. மிலானோவிலிருந்து அடுத்த விமானத்தில் வந்துவிடுவாள்.”

இராஜநாயகத்தின் பத்தெந்தே சில வாரங்களில் புதுப்பித்து வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி திரும்பவில்லை. மொந்தெல்லோவுக்குப் போகும்போது அவர் ஓட்டுவார். திரும்பும்போது, கூட்டம் குறைந்த கடற்கரைத் தெருவில், சிஞ்ஞோரா ஓட்டுவார். நன்றாக ஓட்டினார் என்று சொல்லமுடியாது. நடுவீதியில் ஓட்டுவார். சிக்னல் போடவேண்டிய இடத்தில் மழைத்துடைப்பானைப் போடுவார். இராஜநாயகம் அந்த நேரமெல்லாம் பின்னால் மேசையைப் பிடித்திருப்பார்.

அந்த மாரியில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அற்புதமலர் சொன்னாள்:

“நானும் கார் பழகப்போறன்.”

“உமக்கேன்? நான் இருக்கிறன்தானே.”

“அதுதான். ஓட்டம் உங்களுக்கு, ஏச்சு எனக்கு. இனி ரெண்டும் எனக்கே இருக்கட்டும்.”

சீசாவில் ஒரு ஸ்கூலா குயிதாவில், கார் பழக்கும் பள்ளியில், சேர்ந்தாள். ஓட்டம் அவளுக்குக் கெதியாகப் பிடிபட்டது. இத்தனை ஞாயிறும் பார்த்து வைத்தது வீண்போகவில்லை. எழுத்துப் பரீட்சைதான் இழுத்தடித்தது. ஒவ்வொரு கேள்விக்கும் சரி அல்லது பிழை என்று போடவேண்டும். நிறுத்தப் பலகையைக் கண்டால் வாகனங்கள் முழுதாக நிற்கும். பாதசாரிக் கோட்டில் ஆளைக் கண்டால் வேகத்தைக் குறைக்கும். அற்புதமலர் பலெர்மோவில் இவ்வளவு காலமும் கண்ணால் கண்டதை வைத்து எல்லாவற்றுக்கும் “பிழை” என்று போட்டாள். இரண்டுமுறை தவறிய பிறகு வாத்தியார் அவளைத் தனியே கூப்பிட்டு, இது வேறொரு நாட்டைப் பற்றிய பரீட்சை என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாம் முறை பாஸ்.

பத்தெந்தே கையில் கிடைத்த ஞாயிறு, சாந்தா றொசாலியாவின் கோயில் இருக்கிற பெல்லெக்ரினோ மலைக்குப் போவது என்று முடிவாயிற்று. நேர்த்தி வைத்த தமிழர்கள் ஞாயிறுகளில் நடந்து ஏறுகிற மலை. அற்புதமலர் ஸ்ரியறிங்கில். சிஞ்ஞோரா பின்னால். இடப்பக்கம் இராஜநாயகம், மடியில் ஒன்றும் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். முதல் வளைவிலேயே அவர் பதறினார்.

“நில்! நில்! பஸ் வருது!”

அவள் நிறுத்தினாள். பஸ் போனது. பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள்.

“நில் இல்லை. நில்லும்.”

“ஏன், நீர் எனக்கு நில் எண்டு சொல்லேல்லையோ?”

“நான் அவசரத்துக்குச் சொன்னனான். நீங்கள் ஆசைக்குச் சொல்லுறியள்.”

ஏறிக்கொண்டிருந்த தமிழ்ச் சனம் ஓரமாக நின்று பார்த்தது. றோபேட் செருப்பைக் கையில் பிடித்தபடி, “அக்கா, இண்டைக்கு ஆர் ஓட்டுறது? அண்ணையோ, நீங்களோ?” என்று கத்தினான். கார் வள்ளம்போல முன்பக்கம் எழும்பி, பின்பக்கம் தாழ்ந்து, றேடியேற்றர் கொதித்து இரண்டு இடத்தில் நின்று, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தது. நடந்து வந்தவர்கள் அவர்களுக்கு முன்பே அங்கே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அற்புதமலர் சீசாவில் பலருக்கும் வேண்டியவள் ஆனாள். பிரசவத்துக்கு, எயாப்போட்டுக்கு, விசாவுக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் விடிய வரிசைக்கு நிற்க. அதற்கென்று ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினாள். அதைப் பற்றி யாருக்கும் ஒரு கருத்தும் இருக்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிறின்சஸ் எப்படி என்று யாராவது கேட்டால் மட்டும், “வடிவுதான். நல்ல கார் இல்லை,” என்பாள். இராஜநாயகம் பக்கத்தில் நின்றாலும் அதைத்தான் சொல்வாள்.

சிஞ்ஞோரா எமிலியானா 2017ஆம் ஆண்டு மாரியில் நித்திரையிலேயே போனார். முதல்நாள் காலையில் அற்புதமலரிடம் உதட்டுச் சாயம் முடிந்துவிட்டது, வாங்கி வா என்று சொல்லியிருந்தார். அவள் வாங்கிக்கொண்டு போனாள். தானே போட்டும் விட்டாள்.

கொஸ்தான்சா மிலானோவிலிருந்து வந்தார். தகப்பனுடைய காரில் தாயின் பின்னால் போகவேண்டும் என்று கேட்டார். அற்புதமலர் ஓட்டினாள். டொக்டர் என்பதால் அவள் டொத்தொறெஸ்ஸா என்று கூப்பிடுகிற கொஸ்தான்சா அவளுக்குப் பக்கத்தில். இராஜநாயகம் கறுப்புக் கோட்டோடு பின்னால். கடலோரச் சேமக்காலையில் எல்லாம் முடிந்து, திரும்பிவந்து காரில் ஏறியபிறகும் டொத்தொறெஸ்ஸா அழவில்லை. வால்நட் பலகையை விரலால் தடவினார்.

“அம்மாவுக்கு இந்தக் காரைப் பிடிக்காது,” என்றார். “ஓட்டவும் தெரியாது. ஒருநாளும் ஓட்டியதில்லை, பாவம்.”

அற்புதமலர் சாவியைத் திருப்பினாள். சொல்லாதே என்று கேட்டவர் இப்போது மண்ணுக்குள். வாக்கு இன்னும் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை. சேமக்காலை வாசலைத் தாண்டும்வரை பொறுத்தாள்.

“ஓட்டினவா, டொத்தொறெஸ்ஸா. ஒவ்வொரு ஞாயிறும்.”

“யார்? அம்மாவா? எங்கே?”

“மொந்தெல்லோவிலை. ஒருக்கா கபோவுக்குள்ளையும்.”

“கபோச் சந்தைக்குள்ளா? இந்தக் காரையா?” டொத்தொறெஸ்ஸா முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். “எண்பத்தைந்து வயதிலா? எப்படி ஓட்டினார்?”

பொய் சொல்ல நல்ல இடம்தான். ஆனால் அற்புதமலருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

“மோசம், டொத்தொறெஸ்ஸா. சரியான மோசம்.”

டொத்தொறெஸ்ஸா முதலில் ஒரு சத்தம் போட்டார். அது சிரிப்பென்று கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. சிரித்துச் சிரித்து, அதற்குள்ளேயே அழத் தொடங்கி, கைக்குட்டை இல்லாமல் தவித்தார். இராஜநாயகம் பின்னாலிருந்து தன்னுடையதை நீட்டினார். வாள்மீன் தலையின் கதையை அற்புதமலர் சொன்னாள். பிறேக் எது என்று கேட்ட கதையை இராஜநாயகம் சொன்னார். வீட்டுக்குத் திரும்பவேண்டிய சந்தி வந்தபோது டொத்தொறெஸ்ஸா, “நேரே போ,” என்றார்.

மொந்தெல்லோவில் மாரிக்காலக் காற்று. கடற்கரையில் ஒருவரும் இல்லை. ஒரேயொரு கடை திறந்திருந்தது. கறுப்பு உடுப்போடு மூவரும் காரில் சாய்ந்து நின்று ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள். அம்மா எது வாங்குவார் என்று டொத்தொறெஸ்ஸா கேட்டார். எலுமிச்சை, பிரியோஷ் பணிசுக்குள் வைத்து, என்றாள் அற்புதமலர். எல்லோரும் அதுவே வாங்கினார்கள்.

“காரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்,” என்றார் டொத்தொறெஸ்ஸா.

“நோ,” என்றாள் அற்புதமலர்.

“சீ, சீ, கிறாற்சியே,” என்று இத்தாலியனில் ஓம் போட்டு நன்றியும் சொன்னார் இராஜநாயகம், அதே மூச்சில்.

டொத்தொறெஸ்ஸாவுக்கு எந்தக் காது கேட்டதோ, சாவியை அவர் திருப்பி வாங்கவில்லை. கடல் எழும்பி, மெல்லிய உப்புத் துமி பிறின்சஸின் வெள்ளிச் சட்டத்தில் படிந்தது. இராஜநாயகம் கோட்டுக் கையால் அதைத் துடைக்கப் போனார்.

“முதல் கையிலை இருக்கிறதைச் சாப்பிடுங்கோ,” என்றாள் அற்புதமலர். “உருகி ஒழுகுது.”